மருந்தடிப்பவனுக்குப் பெண் கொடுக்கலாமா?

எங்கள் பக்கத்துக் கலியாணப் பேச்சுகளில் சாதகம், காணி, வேலை என்று எல்லாம் விசாரித்து முடிந்த பிறகு அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் வருகிறது. மாப்பிள்ளை கூலிக்கு வயல்களில் மருந்தடிக்க, அதாவது பூச்சிமருந்தும் களைநாசினியும் தெளிக்கப் போகிறவரா? கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வட்டக்கச்சி, முரசுமோட்டை, கண்டாவளை என்று நீளும் வயல்களில் காலபோகமும் சிறுபோகமும் மருந்துத் தாங்கியைச் சுமந்து பிழைக்கும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். அவனுக்குப் பேசிய இடத்தில் பெண்ணின் மாமி முறையான ஒருவர், மருந்து இரத்தத்தில் ஊறியிருக்கும், பிள்ளைகள் ஊனமாகப் பிறக்கும் என்று சொன்னதோடு பேச்சு நின்றுபோனது. "ரீச்சர், நீங்கள் படிப்பித்த நிறமூர்த்தம்தானே, அது உண்மையாகவே உடைந்து பிள்ளைக்குப் போகுமா?" என்று கேட்டான். நிறமூர்த்தம் என்பது கலத்துக்குள் பரம்பரையலகுகளை, அதாவது ஜீன்களைத் தாங்கும் இழை. குரோமோசோம் என்றும் சொல்வார்கள்.

படலையடியில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அவனுக்கும், அந்த மாமிக்கும், இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அந்த மாமியின் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தொழிற்சாலை இரசாயனங்கள் மனிதரின் பரம்பரையலகுகளைச் சேதப்படுத்துகின்றன என்பது நிறுவப்பட்ட உண்மை. பென்சீன் என்ற கரைப்பானோடு வேலை செய்தவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வைனைல் குளோரைட் தாங்கிகளைத் துப்புரவு செய்த தொழிலாளர்களுக்கு, மிக அரிதான ஈரல் புற்றுநோய் ஒன்று வந்தது 1974 இல் அமெரிக்காவில் வெளியே தெரிந்தது. பயப்படக் காரணம் இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும், யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில்தான் எங்கள் ஊர் வழி தவறிப் போகிறது.

உடலின் கலம் ஒவ்வொன்றும் பிரியும்போது அதன் நிறமூர்த்தங்கள் இரண்டு பங்காகி இரண்டு புதிய கலங்களுக்கும் சேர வேண்டும். இரசாயனம் பட்டு ஒரு நிறமூர்த்தம் உடைந்திருந்தால், அந்த உடைந்த துண்டு எந்தப் பங்கிலும் சேராமல் வெளியே தங்கிவிடும். அண்ணன் தம்பி காணி பிரிக்கும்போது எவர் உறுதியிலும் ஏறாமல் விடுபட்ட மூலைத் துண்டைப் போல அது தனியே கிடக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெரிய கருவுக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளியாகத் தெரியும். அதற்கு நுண்கரு என்று பெயர். ஆயிரம் கலங்களில் எத்தனையில் நுண்கரு இருக்கிறது என்று எண்ணினால், அந்த மனிதரின் உடலில் சேதம் எந்த அளவில் நடக்கிறது என்று ஊகிக்கலாம். இரத்தத்திலும் பார்க்கலாம், கன்னத்தின் உட்புறத்தை மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுத்த கலங்களிலும் பார்க்கலாம். பல நாடுகளில் பூச்சிமருந்து தெளிப்பவர்களிடம் இந்தச் சோதனை செய்திருக்கிறார்கள். பல ஆய்வுகளில், தெளிக்காதவர்களைவிட அவர்களிடம் நுண்கருக்கள் கூடுதலாக இருந்தன.

ஆனால் கன்னத்துக் கலமோ இரத்தக் கலமோ பிள்ளைக்குப் போவதில்லை. அங்கே நடக்கும் சேதத்துக்கு விலை இருந்தால் அதை அந்த மனிதரே கொடுக்கிறார், சிலவேளை பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக. வட ஐரோப்பாவிலும் இத்தாலியிலும் ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தைப் பார்த்து, பின்னர் ஆண்டுக்கணக்காக அவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1998 இல் வெளியானது. நிறமூர்த்தச் சேதம் கூடுதலாக இருந்த கூட்டத்தில் புற்றுநோயும் கூடுதலாக வந்திருந்தது. கூட்டத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் யாருக்கு நோய் வரும் என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

பிள்ளைக்குப் போக வேண்டுமானால் சேதம் விந்திலோ முட்டையிலோ நடக்க வேண்டும். எலிகளில் இது நடப்பதைப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதரிடம்? ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுக்குப் பிறகு பிறந்த 70,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தேடிப் பார்த்தார்கள். கதிர்வீச்சுப் பட்ட பெற்றோரின் பிள்ளைகளிடம் பிறவிக் குறைபாடுகள் கண்டறியக்கூடிய அளவுக்குக் கூடியிருக்கவில்லை. அணுகுண்டின் கதிர் பட்ட தந்தையின் பிள்ளைகளிடமே அதைக் காட்ட முடியவில்லை என்றால், களைநாசினி அடித்த ஒரு இளைஞனைப் பார்த்து உன் பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. உலகில் எங்கே எடுத்தாலும் நூறு பிறப்புகளில் இரண்டு மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு பிறவிக் குறைபாட்டோடுதான் பிறக்கின்றன. மருந்தே தொடாத குடும்பங்களிலும் அப்படித்தான்.

வயிற்றில் இருக்கும் சிசுவுக்குப் படுவது வேறு விடயம். தலிடோமைட் என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகள் 1957க்கும் 1961க்கும் இடையில் விழுங்கியதால் சுமார் 10,000 குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். அங்கே மாத்திரை கெடுத்தது கருவில் உருவாகிக்கொண்டிருந்த உறுப்புகளை. பரம்பரையலகு கெடவில்லை. அதனால்தான் அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெற்ற பிள்ளைகளுக்குக் கைகால்கள் இயல்பாக இருந்தன. எங்கள் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஆபத்தில்லாத இடத்தில் கதவை அடைத்துவிட்டு, ஆபத்துள்ள இடத்தில் திறந்து வைத்திருக்கிறோம். மருந்தடித்து வந்தவரின் சாரத்தையும் சேட்டையும் கர்ப்பிணி மனைவி கிணற்றடியில் கையால் கும்முவதை யாரும் தடுப்பதில்லை. கலியாணத்தை மட்டும் தடுக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளையில்லை என்றாலும், குறைபாட்டோடு பிறந்தாலும், எங்கள் ஊரில் முதலில் விசாரிக்கப்படுவது பெண். கோயில் கோயிலாக நேர்த்தி வைப்பதும், யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறி ஸ்கான் எடுப்பதும் அவள்தான். கணவனின் விந்துச் சோதனை கடைசியாக, அதுவும் பல வீடுகளில் சண்டைக்குப் பிறகுதான் நடக்கும். இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் 1977 இல் கலிபோர்னியாவில் லாத்ரொப் என்ற இடத்தில் நடந்தது. பயிர் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த பிரிவில் வேலை செய்த ஆண்கள், தங்களில் பலருக்கு வேலைக்குச் சேர்ந்த பின் பிள்ளையே பிறக்கவில்லை என்பதைத் தமக்குள் பேசிக் கண்டுபிடித்தார்கள். வைத்தியரோ அரசாங்கமோ நிறுவனமோ கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆண்கள் வெட்கத்தை விட்டுப் பேசினார்கள், தொழிற்சங்கம் துணை நின்றது, சோதனை நடந்தது. பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. அந்த மருந்தால் எலிகளின் விதைகள் சுருங்கியதைத் தயாரிப்பு நிறுவனங்களுக்காக வேலை செய்த ஆய்வாளர்கள் 1961 இலேயே அச்சிட்டிருந்தார்கள். பதினாறு ஆண்டுகள் அந்தத் தாள் நூலகத்தில் இருந்தது. தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள் இருந்தார்கள். மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களுக்கும் அதே மருந்து போனது.

டிபிசிபி எங்கள் வயல்களில் அடிக்கும் மருந்தல்ல. எங்கள் கடைகளில் உள்ளவை எல்லாம் அதைப் போன்றவை என்றும் நான் சொல்லவில்லை. இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஆணின் உடலில் விந்து உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஒரு போகத்தின் மருந்தடிக் காலத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். வேலையை நிறுத்திய பின் லாத்ரொப் தொழிலாளர்களில் எண்ணிக்கை குறைந்திருந்த பலருக்கு அது திரும்பி வந்தது. முற்றாக அற்றுப்போன சிலருக்கு வரவில்லை. ஆகவே பிள்ளைக்கு ஆசைப்படும் தம்பதியரில் கணவன் சில மாதங்கள் மருந்துத் தாங்கியை இறக்கி வைப்பது அறிவுள்ள செயல். கலியாணமான புதிதில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து பெண்ணுக்கு போலிக் அமில மாத்திரை கொடுத்துப் பதிவேட்டில் குறிக்கிறார். அதே வாசலில் நின்று கணவரிடமும், என்ன வேலை செய்கிறீர்கள், என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டு இன்னொரு வரி எழுதினால் என்ன?

எங்கள் வயலுக்கு வருவோம். இலங்கையில் பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980 இலிருந்து இருக்கிறது. அந்தச் சட்டத்தால் பெரிய நன்மைகள் நடந்திருக்கின்றன. மொனோகுரொட்டொபொஸ் 1995 இல் நிறுத்தப்பட்டது, எண்டோசல்பான் 1998 இல், பரகுவாட் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக. பெரும்பாலும் அவை நிறுத்தப்பட்டது குடித்துச் சாகிறார்கள் என்பதற்காக. அதனால் எத்தனையோ ஆயிரம் உயிர்கள் மிஞ்சின. ஆனால் ஒரே நாளில் கொல்லும் நஞ்சைத் தேடும் கண்ணுக்கு இருபது ஆண்டில் வேலை செய்யும் சேதம் தெரியாது. கமக்காரர்களும் அப்படித்தான் அளக்கிறார்கள். தலைசுற்றவில்லை, வாந்தி இல்லை என்றால் மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்கிறார்கள். பரம்பரையலகுச் சேதத்துக்குத் தலைசுற்றாது.

2015 மார்ச்சில் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் கிளைபொசேட் என்ற களைநாசினியையும் மலத்தியன், டயசினோன் என்ற பூச்சிநாசினிகளையும் மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியவை என்று வகைப்படுத்தியது. கிளைபொசேட் விடயத்தில் அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. இலங்கை 2015 இல் கிளைபொசேட்டைத் தடை செய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்து, 2022 இல் தடையையே நீக்கியது. இடையில் 2021 இல் இரசாயன உரத்தையும் ஒரே அறிவித்தலில் நிறுத்தி, அதே ஆண்டு கார்த்திகையில் திரும்பப் பெற்றது. அந்த ஏழு ஆண்டுகளில் வன்னிக் கமக்காரர் ஒருவர் தன் கையில் இருந்த போத்தலைப் பற்றி என்ன நம்பியிருப்பார்? நேற்று நஞ்சு, இன்று மருந்து, நாளை மறுபடி நஞ்சு. தடை வரும்போதும் போகும்போதும் ஏன் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை.

மணத்தை வைத்தும் ஆபத்தை அளக்க முடியாது. ஏ9 வீதியில் போகும் எவரும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் சிதைந்த கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த இடம். போரால் 1985 இல் உற்பத்தி நின்றது. ஊரில் பலர் இன்றும் அந்த இடத்தைத்தான் நஞ்சின் அடையாளமாகச் சொல்கிறார்கள். குளோரின் மூக்கையும் நுரையீரலையும் எரிக்கும், அதிகமானால் கொல்லும். பரம்பரையலகைக் கெடுப்பதில் பேர்போன பொருளல்ல அது. பென்சீனுக்கோ இனிய மணம். பழைய அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றை வாளால் அறுக்கும்போது பறக்கும் தூசுக்கு மணமே இல்லை. அதனால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய் வெளியே தெரிய முப்பது நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். வீடு திருத்தும் தச்சர்களும் மேசன்மாரும் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் அதை அறுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

சோதனை செய்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் லவ் கனால் குடியிருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்து நகரம். பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாயில் இரசாயன நிறுவனம் ஒன்று 1942 முதல் சுமார் 21,000 தொன் கழிவைக் கொட்டி மண் போட்டு மூடியது. 1953 இல் அந்த நிலத்தை ஒரு டொலருக்குப் பாடசாலைச் சபையிடம் கொடுத்தது. அதன்மேல் பாடசாலையும் சுற்றி வீடுகளும் எழுந்தன. எழுபதுகளின் கடைசியில் நிலவறைகளில் கறுப்புக் கசிவு வந்தபோது தாய்மார் திரண்டார்கள். லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி தலைமை தாங்கினார். 1980 மே மாதத்தில் அரசாங்கம் செய்வித்த ஒரு சிறிய ஆய்வின் முடிவு வெளியானது. 36 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 11 பேருக்கு நிறமூர்த்தச் சேதம்.

அந்தச் செய்தி ஒரு குடும்பத்துக்குள் எப்படி நுழைந்திருக்கும்? தாய் தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்திருப்பாள். ஆத்திரமடைந்த மக்கள் இரண்டு அதிகாரிகளைச் சில மணிநேரம் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். சில நாள்களில் ஜனாதிபதி கார்ட்டர் அவசரநிலை அறிவித்து, நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்ற வழி செய்தார். ஆனால் அந்த ஆய்வில் பெரிய குறை ஒன்று இருந்தது. கழிவு படாத வேறொரு ஊரில், அதே வயதும் அதே பழக்கங்களும் உள்ளவர்களின் இரத்தத்தை எடுத்து ஒப்பிடவில்லை. 36 பேரில் 11 கூடுதலா, வழமையா என்று அதனால் சொல்ல முடியாது. பின்னர் ஒப்பீட்டோடு செய்த ஆய்வு 1984 இல் வெளியானபோது வேறுபாடு தெரியவில்லை. அதற்குள் பலர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். மக்கள் வெளியேறியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த மண்ணில் யாரும் குடியிருக்கக் கூடாது. ஆனால் உன் நிறமூர்த்தம் உடைந்திருக்கிறது என்று ஒருவருக்கு அரைகுறைக் கணக்கை வைத்துச் சொல்வது பெரிய அநியாயம். அந்தச் சொல் திரும்பி வராது. போபாலில் 1984 டிசம்பரில் சுமார் 40 தொன் நச்சுவாயு கசிந்த இரவுக்குப் பிறகு, தப்பியவர்களின் இரத்தத்தில் நிறமூர்த்த உடைவுகளை ஆய்வுகள் கண்டன. அந்தப் பகுதிப் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைப்பது அரிதானது. வட்டக்கச்சியில் நடக்கும் பேச்சு அங்கே முன்பே நடந்துவிட்டது.

சரியாகச் செய்த இடமும் உண்டு. 1976 ஜூலை 10 இல் இத்தாலியின் செவெசோவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து டயொக்சின் என்ற நச்சுப் பொருள் கலந்த மேகம் கிளம்பியது. அப்போது சிறு அளவு இரத்தத்தில் டயொக்சினை அளக்கும் நுட்பமே இல்லை. ஆனாலும் பவுலோ மொக்காரெல்லியும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தை எடுத்து உறைநிலையில் வைத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் கழித்து நுட்பம் வந்தபோது அந்தக் குப்பிகளை எடுத்து அளந்தார்கள். இளம் வயதில் டயொக்சின் கூடுதலாகப் பட்ட ஆண்களுக்குப் பின்னாளில் பெண் குழந்தைகள் வழமையைவிடத் தெளிவாகக் கூடுதலாகப் பிறந்ததை 2000 இல் எழுதினார்கள். இது பரம்பரையலகு உடைந்ததற்குச் சாட்சி அல்ல, டயொக்சின் வேலை செய்யும் விதம் வேறு. ஆனால் தந்தையின் உடலில் பட்டதும் கணக்கில் வரும் என்று உலகம் கற்றதில் அந்த உறைந்த குப்பிகளுக்கும் பங்கு உண்டு.

2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் மூச்செடுத்த புகையைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். அன்று பதுங்குகுழிக்குள் இருந்தவர்களின் இரத்தத்தை யார் எடுத்து எங்கே உறைய வைத்திருக்க முடியும்? அந்தக் கேள்விக்குப் பதில் தரக்கூடிய குப்பி இல்லை. அதனாலேயே இன்று எடுக்கக்கூடியதை எடுக்காமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மருந்தடிப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முகத்தை மூடுவதைவிட முதலில் கையை மூடுங்கள், ஏனெனில் மருந்து பெரும்பாலும் தோலால்தான் உள்ளே போகிறது, கலக்கும் நேரத்தில்தான் மிகச் செறிவாகப் படுகிறது. முதுகில் ஒழுகும் தாங்கியை முதலாளி தந்தால் வாங்காதீர்கள். உடுப்பை நீங்களே தனியாகத் துவையுங்கள். ஒரு கொப்பி வாங்கி, எந்தத் திகதியில், யாருடைய வயலில், எந்த மருந்து, எத்தனை தாங்கி என்று எழுதுங்கள். கடலால் களவாக வந்த, எழுத்துப் புரியாத போத்தல் என்றால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. அந்தக் கொப்பி ஒருநாள் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரமாக இருக்கலாம்.

மற்றது பல்கலைக்கழகங்களின் வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், இந்த வயல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. கன்னக் கலத்தில் நுண்கரு பார்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மரக்குச்சி, கண்ணாடித் தகடு, சாயம், நல்ல நுணுக்குக்காட்டி, பொறுமையாக எண்ணும் கண்கள் போதும். மருந்தடிக்கும் கூட்டம் ஒன்று, அதே கிராமங்களில் அடிக்காத கூட்டம் ஒன்று. வயது, பீடி, மது எல்லாம் எழுத வேண்டும். வெற்றிலை பாக்குப் போடுகிறவரா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும், பாக்கே கன்னத்தில் நுண்கருக்களைக் கூட்டும். முடிவைக் கூட்டத்தின் முடிவாகக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் விளக்கிச் சொல்ல வேண்டும், தனி ஆளின் பெயரோடு வெளியே விடக் கூடாது. கன்னத்தின் அடி அடுக்கில் நடக்கும் சேதம் மேலே வந்து தெரிய ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே காலபோகக் களைநாசினி அடித்து மூன்று வாரம் கழித்து ஒரு மாதிரி எடுக்கலாம். அதற்கு முன் முதல் மாதிரியை விதைப்புக்கு முன்னரே, புரட்டாசியில் எடுத்துவிட வேண்டும். தாங்கி முதுகில் ஏறிய பிறகு தொடங்கினால் ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்காது.